நாலு குமிழ்

பன்றிக்கொட்டிலை நகர்த்தியது என்னுடைய கைதான். அதில் சந்தேகம் இல்லை. நகர்த்துவதற்கு முன் நான் என்ன சொன்னேன் என்பதில்தான் இப்போது நிச்சயம் இல்லை. "வேண்டாம் பால்லெ" என்று சொன்னதாகச் சில நாட்களில் ஞாபகம் வருகிறது. என் குரல்கூடக் கேட்கிறது. யோசித்துப் பார்த்தால், அது பின்னாளில் தனியாகக் கார் ஓட்டும்போது நானே சொல்லிப் பார்த்த வார்த்தையாக இருக்கலாம் என்றும் படுகிறது. அன்று மழை பெய்ததாகவும் ஞாபகம். ஒக்டோபர் மாதத்தில் எங்கள் லுண்டர்பி ஊரில் மழை பெய்தது என்று எழுதினால் யாரும் மறுக்கப் போவதில்லை. அதனால் அதை நம்பிக்கொள்கிறேன்.

பால்லெயும் நானும் யன்னல் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடம் பக்கத்துப் பக்கத்தில் நின்றவர்கள். அவன் சட்டத்துக்குள் கண்ணாடியை இறக்குவான். நான் சுற்றிவர ரப்பர் பட்டியை வைத்து அழுத்துவேன். எட்டு மணித்தியாலத்தில் எட்டு வார்த்தை பேசாத நாட்கள் உண்டு. எனக்கு அது சரியாக இருந்தது. யாழ்ப்பாணத்தில் இருந்து இந்த வெள்ளைக்கார ஊருக்கு வந்தபோது மொழி தெரியாததால் பேசாமல் இருந்தேன். மொழி வந்த பிறகு, இங்கே யாருமே பேசுவதில்லை என்று கண்டுகொண்டேன்.

அந்த வருடம் ஆகஸ்டில் பால்லெக்கு இடுப்பு மூட்டை மாற்றினார்கள். அவனுக்கு ஐம்பத்தொரு வயது. மூன்று மாதம் குனியக்கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். கதிரையின் கால்களுக்கு மரக்கட்டை வைத்து உயர்த்தி, அதில் கொக்கு மாதிரி உட்கார்ந்திருப்பான். அவனுடைய மனைவி டோர்த்தெக்கு முதியோர் இல்லத்துக் குசினியில் வேலை. சனிக்கிழமைகளில் அவள் வேலைக்குப் போனால் நான் அங்கே போவேன். கீழே விழுந்ததை எடுத்துக் கொடுப்பது, அடுப்புக்கு விறகு வைப்பது, காலுறை மாட்டிவிடுவது. அவன் குனிய வேண்டிய இடத்திலெல்லாம் நான் குனிந்தேன்.

மூன்றாவது கிழமையில் டோர்த்தெ மேல்மாடத்தில் இருந்து ஒரு மரப்பெட்டியை இறக்கி அவன் முன்னால் வைத்தாள்.

"சுவரைப் பாத்துப் பாத்து அதில ஓட்டை விழப்போகுது. இந்தாரும், இதைப் பாரும்."

"உதை ஆர் எடுக்கச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. எலி திண்டிட்டுதோ எண்டு பாக்கப் போனனான். எலிக்கும் பிடிக்கேல்லைப் போல."

உள்ளே கட்டைகள். பிளாஸ்டிக் கட்டைகள். மேலே குமிழ், கீழே பள்ளம், ஒன்றின் மேல் ஒன்றை அழுத்தினால் பிடித்துக்கொள்ளும். அதைச் செய்யும் கொம்பனி எங்கள் ஊரில் இருந்து இருபது கிலோமீற்றர். இந்தப் பக்கத்தில் பைபிள் இல்லாத வீட்டைக் காணலாம், கட்டை இல்லாத வீட்டைக் காணமுடியாது. பெட்டிக்குள் இருந்தவை பழையவை. சிவப்பு வெளிறி, வெள்ளை மஞ்சளாகி, சில வளைந்துபோய், சிலவற்றின் விளிம்பில் பல் பதிந்து கிடந்தன.

பால்லெ இரண்டைக் கையில் எடுத்தான். பொருத்தினான். பிரித்தான். பொருத்தினான். கோப்பி ஆறும்வரை அதையே செய்துகொண்டிருந்தான். அவனுடைய விரல்கள் கண்ணாடி தூக்கித் தடித்தவை. கட்டை அவற்றுக்கு நடுவில் தெரியவேயில்லை. சத்தம் மட்டும் கேட்டது.

"எப்ப விட்டனீ இதை?" என்று கேட்டேன்.

"நெருப்பண்டைக்கு."

நெருப்பைப் பற்றி ஊருக்கே தெரியும். எழுபத்தெட்டாம் ஆண்டு, ஒரு மழைக் கோடைக்குப் பிறகு, ஆகஸ்ட் மாதத்துப் பின்னேரம். இரவுச் சாப்பாடு முடிந்து இன்னும் வெயில் இருந்த நேரம். பால்லெயின் தகப்பன் லௌரிட்ஸின் களஞ்சியம் வைக்கோலும் புல்லுமாக எரிந்துபோனது. பதினொரு மாடு உள்ளே. லௌரிட்ஸ் புகையிலை அடைத்துப் பைப் குடிக்கிறவர். பைப் நெருப்பு என்று அறிக்கையில் எழுதினார்கள். அடுத்த வசந்தத்தில் பண்ணை கைமாறியது. ஊரில் அவருக்குப் 'பைப் லௌரிட்ஸ்' என்று பெயர் வந்தது. கலியாண வீடுகளில் அவர் உட்கார்ந்தால் யாராவது மேசையின் அந்தக் கோடியில் இருந்து சாம்பல் தட்டை அவர் பக்கம் தள்ளிவிடுவார்கள். எல்லாரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். அன்றையில் இருந்து அவர் ஒரு நாளும் பைப்பைத் தொடவில்லை. ஆறு வருடத்தில் செத்துப்போனார்.

பால்லெக்கு அப்போது பத்து வயது. அண்ணன் ஹென்னிங்குக்குப் பதினாறு. அந்தப் பின்னேரம் பால்லெ குசினி மேசையில் கட்டைகளோடு இருந்தான். நிமிர்ந்து யன்னலால் பார்த்தபோது, களஞ்சியத்தின் பின்மூலையில் ஹென்னிங்கின் சிவப்பு மொபெட் நின்றது. பக்கத்தில் ஹென்னிங். கையில் சிகரெட். அரை மணித்தியாலத்தில் புகை வந்தது.

இதை அவன் எனக்குச் சொன்னது அந்தச் செப்டெம்பரில். வேறு யாருக்கும் சொன்னதில்லை. டோர்த்தெக்கும் சொன்னதில்லை.

"ஹென்னிங்கிட்ட கேட்டனீயே?"

"கேட்டா இல்லையெண்டுவான். இல்லையெண்டு சொன்ன பிறகு நான் என்ன செய்யிறது?"

ஹென்னிங் இப்போது ஊர்த் தொண்டர் தீயணைப்புப் படையின் தலைவர். இருபத்திரண்டு வருடமாக. அவருடைய பெயரைச் சொன்னால் லுண்டர்பியில் ஆட்கள் முதுகை நிமிர்த்துவார்கள். பால்லெ அதைச் சொல்லும்போது மட்டும் சிரிப்பான்.

பால்லெ பண்ணையைக் கட்டத் தொடங்கினான். பழைய கட்டைகள் போதவில்லை. நான் ஊர் ஊராகப் பழம்பொருட் சந்தைகளுக்குப் போய் வாளி வாளியாக வாங்கி வந்தேன். வளர்ந்த ஆட்கள் கூடிக் கட்டும் கட்டைக் கழகத்தில் அவனைச் சேர்த்துக்கொண்டார்கள். அங்கே புதிதாக வருகிறவரிடம் முதலில் கேட்பது, "உம்மட இருட்டுக் காலம் எத்தினை வருசம்?" என்பது. சின்ன வயதில் விட்டதற்கும் திரும்பித் தொட்டதற்கும் இடையில் உள்ள காலத்துக்கு அவர்கள் வைத்த பெயர் அது. ஐந்து, பதினைந்து என்பார்கள். பால்லெ நாற்பத்தொன்று என்றபோது கைதட்டினார்களாம். அவர்களுக்கு அது ஒரு சாதனை.

அளவுக்கு அவனிடம் ஒரு விதி இருந்தது. அப்பாவின் ஒரு எட்டுக்கு, அதாவது ஒரு காலடிக்கு, இரண்டு குமிழ். சின்ன வயதில் அண்ணனும் தம்பியும் தகப்பனை முற்றத்தில் நடக்கவைத்து எண்ணி வைத்த விதி. வீடு, எதிரே களஞ்சியம், இடது கையில் பன்றிக்கொட்டில், நடுவில் கிணறு. செப்டெம்பர் முடிவதற்குள் சுவர்கள் எழும்பிவிட்டன. அவன் அந்த நாட்களில் வேறு மனிதன். விரலில் தோல் உரிந்திருக்கும், கண்ணில் வெளிச்சம் இருக்கும். எனக்கு அது சந்தோசமாக இருந்தது என்று சொல்லத்தான் வேண்டும்.

ஒரு நாள் சின்னதாக ஒரு சிவப்பு மொபெட்டைச் செய்து கைக்குள் வைத்திருந்தான்.

"இது என்னத்துக்கு?"

"களஞ்சியத்துக்குப் பின்னால நிப்பாட்ட. பக்கத்தில ஒரு ஆள் வரும். கையில சிகரெட்டோட. கழகத்தின்ர ஒக்டோபர்க் கண்காட்சியில நடு மேசை எனக்குத் தந்திருக்கினம். ஊர் முழுக்க வரும்."

"அவர் பாத்தா?"

"பாக்கத்தானே செய்யிறன். வாயால சொன்னா மறுக்கலாம். பொம்மையோட ஆர் வாதாடுறது, நேசன்?"

நான் எழும்பினேன். அடுப்புக்கு விறகு வைத்தேன்.

கண்காட்சிக்கு முந்திய சனிக்கிழமை ஹென்னிங் வந்தார். அறிவிக்காமல் வந்தார். கையில் கம்பளியால் சுற்றிய பெரிய படம். அந்தக் காலத்தில் விமானத்தில் பறந்து ஒவ்வொரு பண்ணையையும் மேலிருந்து படம் எடுத்து, நிறம் தீட்டி, வீடு வீடாக வந்து விற்பார்கள். அப்படி எடுத்த படம். பண்ணை விற்றபோது மூத்தவன் என்று ஹென்னிங்குக்குப் போனது.

"டோர்த்தெ சொன்னவ, நீ எங்கட வீட்டைக் கட்டுறாயாம். இது உதவுமெண்டு கொண்டந்தனான்."

பால்லெ மொபெட்டைச் சட்டைப் பைக்குள் போட்டான். "வை அங்கால."

ஹென்னிங் மேசையைச் சுற்றி வந்தார். மெதுவாக வந்தார். ஆறடி மூன்று அங்குல ஆள், கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, தேவாலயத்தில் பிரேதம் பார்க்கிற மாதிரிப் பார்த்தார்.

"மோசமெண்டு சொல்லேலாது," என்றார். இந்த ஊரில் அதற்கு மேல் புகழ்ச்சி கிடையாது.

பிறகு முழங்காலில் உட்கார்ந்தார். படத்தைப் பார்த்தார். கட்டைகளைப் பார்த்தார். வாய்க்குள் எண்ணினார்.

"தம்பி, பன்றிக்கொட்டில் பிழை."

"என்ன பிழை?"

"நாலு குமிழ் வெளியால நிக்குது. உள்ளுக்கு வரவேணும், கிணத்துப் பக்கமா. படத்தைப் பார். அப்பா நடந்தா கிணத்தில இருந்து கொட்டிலுக்கு ஆறு எட்டு. நீ எட்டுக் காலடி விட்டிருக்கிறாய்."

"அது எட்டுத்தான்."

"ஆறு. மூக்கைப் பொத்திக்கொண்டு நானெல்லோ வாளி தூக்கினது. நீ தூக்கினனியே?"

பால்லெ படத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தான். மறுக்க இடம் இல்லை. ஹென்னிங் கொட்டிலைத் தூக்கி நாலு குமிழ் உள்ளே வைத்தார். பிறகு போகவில்லை. சட்டைக் கையை மடித்தார். கூரைக்கு ஓடு வைக்கும் வேலை மிச்சம் இருந்தது. இரண்டு பேரும் வைத்தார்கள். மத்தியானம் நான் பன்றி இறைச்சியைப் பொரித்து, உருளைக்கிழங்கு அவித்து, வெள்ளைச் சோசுக்குள் பார்ஸ்லி இலை வெட்டிப் போட்டேன். தட்டுகளை மடியில் வைத்துத் தின்றுகொண்டே கட்டினார்கள்.

"சமையல் யாழ்ப்பாணமோ?" என்றார் ஹென்னிங்.

"யாழ்ப்பாணமெண்டா உங்களுக்குத் தண்ணி வண்டி தேவைப்பட்டிருக்கும்."

"அது எங்களிட்ட ரெண்டு நிக்குது."

பால்லெகூடச் சிரித்தான். ஒரு கட்டை பிரிய மறுத்தது. ஹென்னிங் அதைப் பல்லால் கடித்துப் பிரித்தார். அப்போதுதான் பழைய கட்டைகளில் இருந்த பல் தடங்கள் யாருடையவை என்று எனக்குத் தெரிந்தது. ஒரு பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. இது இத்தோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

நாலு மணிக்கு ஹென்னிங் போனார். படத்தை விட்டுவிட்டுப் போனார். "கண்காட்சி முடியத் தந்தாக் காணும்."

கார்ச் சத்தம் அடங்கியதும் பால்லெ மொபெட்டை எடுத்துக் களஞ்சியத்தின் பின்மூலையில் வைக்கச் சொன்னான். வைத்தேன். ஆளையும் வைத்தேன்.

"இப்ப குனிஞ்சு, குசினி யன்னலுக்குள்ளால பார்."

முழங்காலில் நின்று, கன்னத்தை மேசையில் வைத்து, வீட்டின் பின்சுவரைக் கழற்றிவிட்டு, குசினி யன்னலுக்குள்ளால் பார்த்தேன். முற்றம் தெரிந்தது. கிணறு தெரிந்தது. பிறகு பன்றிக்கொட்டிலின் சுவர். களஞ்சியத்தின் முன்பக்கம் கொஞ்சம். அவ்வளவுதான்.

"மொபெட் தெரியுதோ?"

"இல்லை."

"வடிவாப் பார்."

"கொட்டில் மறைக்குது, பால்லெ."

"எழும்பிப் பார்த்தா?"

"எழும்பினாக் கூரை மறைக்குது."

அவனால் குனிய முடியாது. என் கண்ணைத்தான் நம்பவேண்டும். கைத்தொலைபேசியை யன்னலருகே வைத்துப் படம் எடுத்துக் காட்டினேன். அதைப் பார்த்தான். ஓரத்தில் இருந்து ஓரம்வரை பார்த்தான். நான் முழங்காலில் அப்படியே இருந்தேன். எழும்பினால் ஏதாவது பேச வேண்டிவரும் என்று பயமாக இருந்தது.

"வேற நாளில கண்டிருப்பாய்," என்றேன். "வேற இடத்தில இருந்து."

"அண்டைக்குத்தான் கண்டனான்."

"இந்த யன்னலாலயோ?"

அவன் என் கைத்தொலைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்தான். நாற்பத்தொரு வருடம் ஒருவன் சுமந்ததை ஒரு பன்றிக்கொட்டில் மறைத்துவிட்டது. அவன் முகத்தில் நான் எதிர்பார்த்தது ஒரு தளர்வு. வந்தது வேறு. வெறுப்பு, முன்பைவிடச் சுத்தமாக, காரணம் தேவைப்படாத மாதிரி.

"நாலு குமிழ் வெளியால வை," என்றான்.

வைத்தேன். குனிந்து பார்த்தேன். கொட்டிலுக்கும் களஞ்சியத்துக்கும் இடையில் ஒரு கீற்று திறந்தது. அதற்குள் சிவப்பாக மொபெட்.

"இப்ப?"

"தெரியுது."

"சரி. கோப்பி போடு."

கண்காட்சி விளையாட்டு மண்டபத்தில் நடந்தது. கப்பல்கள், கோபுரங்கள், பாரந்தூக்கிகள். ஐம்பது வயது ஆண்கள் பிள்ளைகளின் கையைத் தட்டி, தள்ளி நிறுத்திக்கொண்டிருந்தார்கள். நடு மேசையில் லௌரிட்ஸின் பண்ணை. எரிவதற்கு அரை மணித்தியாலத்துக்கு முன் இருந்தபடி. அதில் வீட்டின் பின்சுவரைத் திறந்து வைத்து, 'குசினியில் இருந்து பாருங்கள்' என்று ஒரு அட்டையில் பால்லெ எழுதி வைத்திருந்தான்.

ஆட்கள் குனிந்தார்கள். பார்த்தார்கள். நிமிர்ந்தார்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஒருவர் பார்த்துவிட்டுக் கோப்பி மேசைக்குப் போய், இன்னொருவரைக் கூட்டி வருவார். அவர் குனிவார். பதினொரு மணிக்கு மேசையைச் சுற்றி முப்பது பேர். அத்தனை பேரும் கூரை வேலையைப் பற்றிப் பேசினார்கள்.

ஹென்னிங் சீருடையில் வந்தார். மண்டபத்தில் கூட்டம் என்றால் படையில் ஒருவர் வாசலில் நிற்கவேண்டும். அன்று அவர் முறை. கூட்டம் விலகி வழி விட்டது. அவர் மொபெட்டைக் கண்டார். ஆளைக் கண்டார். அட்டையை வாசித்தார். முழங்காலில் உட்கார்ந்து யன்னலுக்குள்ளால் பார்த்தார். நெடுநேரம். பிறகு அவருடைய கண் கிணற்றில் இருந்து கொட்டிலுக்குப் போனது. உதடு அசைந்தது. எண்ணினார்.

என்னை நிமிர்ந்து பார்த்தார். என்னைத்தான் பார்த்தார். நான் மண்டபத்தின் கூரையைப் பார்த்தேன்.

பக்கத்துப் பண்ணைக்காரர் ஐனருக்கு எண்பத்திரண்டு வயது. சாம்பல் தட்டைத் தள்ளுவதில் அவர்தான் முதல் ஆள். கையில் கறுவாப் பணிஸோடு நின்றார்.

"எட ஹென்னிங், உந்தப் பின்னால நிக்கிறது நீயோ?" என்றார். "அப்ப இத்தனை வருசமும் நாங்கள் சாம்பல் தட்டைப் பிழையான ஆளிட்டத் தள்ளிப்போட்டமே?"

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். ஹென்னிங் எழும்பினார். அவரிடம் படம் இல்லை, அது பால்லெயின் வீட்டில் இருந்தது. ஆனால் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கொட்டில் நகர்ந்திருக்கிறது, எண்ணிப் பாருங்கள் என்று. கட்டைக் கழகத்து ஆட்கள் பத்து நிமிடத்தில் கணக்குப் பார்த்திருப்பார்கள்.

"நான் அங்க நிக்கேல்லை," என்றார். "சிகரெட்டும் குடிக்கேல்லை. ஆனாப் பிழை என்னில தான்."

பால்லெ உயரக் கதிரையில் உட்கார்ந்திருந்தான்.

"மத்தியானம் நான் புல்லுக்கு மேல ஏறினனான், மாட்டுக்குத் தள்ளிவிட. கையை உள்ளுக்கு விட்டன். சுட்டுது. பாண் போறணையில இருந்து எடுத்த மாதிரி. அந்த வருசம் எல்லாரும் ஈரத்தோடதான் ஏத்தினவை, ஐனர், நீங்களும்தான். ஈரப்புல்லு அடைஞ்சு கிடந்தாத் தானாச் சூடேறிப் பத்தும். உள்ளுக்க இனிப்பா ஒரு வாசம். அப்பான்ர புகையிலை மாதிரி. அப்பாதான் மேல வந்திட்டுப் போயிருக்கிறாரெண்டு எனக்கு நானே சொன்னன். பக்கத்து ஊரில டான்ஸ். பின்னேரம் சொல்லலாமெண்டு போட்டு மொபெட்டை எடுத்துக்கொண்டு போட்டன்."

"அப்ப பைப் இல்லையோ?" என்றார் ஐனர். பணிஸைக் கடிக்க மறந்திருந்தார்.

"இல்லை. அண்டைக்கே நான் அப்பாட்டச் சொன்னனான். புகையைக் கண்டு திரும்பி வந்து, நெருப்பு எரிஞ்சுகொண்டிருக்கேக்க சொன்னனான். அவர் என்ர வாயைப் பொத்தினார். உனக்குப் பதினாறு வயசு, இந்த ஊரிலதான் இனி இருக்கப்போறாய், எண்டார். எனக்குப் பைப் இருக்கு, எண்டார். அவ்வளவும்தான். பிறகு சாகும்வரைக்கும் அவர் அதைப் பற்றிக் கதைக்கேல்லை. என்னையும் கதைக்கவிடேல்லை."

பால்லெயைப் பார்த்து, "இதைத்தானே கேக்க நினைச்சனீ," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. தலைக்கவசத்தை எடுத்துக்கொண்டு தன் வேலைக்காக வாசலுக்குப் போய் நின்றார். நாலு மணி வரைக்கும் நின்றார்.

கழகத்தின் வழக்கம், முடிவில் எல்லாரும் ஒரே நேரத்தில் தங்கள் கட்டுமானத்தைப் பிரிப்பது. ஒட்டுப் போடக்கூடாது, எதையும் அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோகக்கூடாது. நாலு மணிக்கு மணி அடித்தார்கள். மண்டபம் முழுக்கக் கட்டைகள் பிரியும் சத்தம், ஆலங்கட்டி மழை மாதிரி. பால்லெக்குக் குனிய முடியாது. நான் பிரித்தேன்.

"அப்பா என்னட்டயும் சொல்லியிருக்கலாம்," என்றான் அவன்.

"உனக்குப் பத்து வயசு."

"பதினாறிலயும் இருந்தனான்தானே. அவர் சாகேக்க எனக்குப் பதினாறு." குரல் தாழ்ந்தது. "அவனுக்கு மட்டும் சொல்லியிருக்கிறார். ரெண்டு பேரும் சேர்ந்து என்னை வெளியில விட்டிருக்கினம்."

ஒரு பிழை நீங்கிய இடத்தில் அவன் அடுத்ததை வைத்துவிட்டான். அது முதலாவதைவிடப் பொருந்தி உட்கார்ந்தது. இந்த முறை எதிரி செத்துப்போனவர், திருப்பி ஒன்றும் சொல்லமாட்டார். கொட்டிலை நகர்த்தியதைப் பற்றி அவன் பேசவில்லை. நானும் பேசவில்லை.

திங்கட்கிழமை ஹென்னிங் படைத் தலைவர் பதவியை விட்டார். யாரும் விடச் சொல்லவில்லை. விடவேண்டாம் என்றும் யாரும் சொல்லவில்லை. இப்போது பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறார். ஊரில் 'பைப் லௌரிட்ஸ்' என்று யாரும் சொல்வதில்லை. 'ஈரப்புல் ஹென்னிங்' என்கிறார்கள், அவர் இல்லாத நேரத்தில். ஐனர் அடுத்த பெப்ரவரியில் செத்தார். டோர்த்தெ அந்தக் குளிர்காலம் முழுக்க ஓஹூஸ் நகரத்தில் தங்கையுடன் இருந்துவிட்டு, வசந்தத்தில் திரும்பி வந்தாள். எதற்காகப் போனாள் என்று அவள் சொல்லவில்லை. பால்லெக்கு இடுப்பு நன்றாகிவிட்டது, நன்றாகக் குனிகிறான். கட்டைக் கழகத்துக்கு இப்போது அவன்தான் செயலாளர். பாலங்களும் பாரந்தூக்கிகளும் கட்டுகிறான், வீடு கட்டுவதில்லை. விமானப் படத்தை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. நான் ஓய்வுபெற்றுவிட்டேன். சனிக்கிழமைகளில் பால்லெயின் வீட்டுக்குப் போகிறேன். ஹென்னிங்கின் வீடு அங்கிருந்து நாலு கிலோமீற்றர். அங்கே நான் போனதில்லை.